ஈரம் படாத உப்பு

உலை ஆறிக்கொண்டிருந்தது. ஆறட்டும், யார் துரத்துகிறார்கள் என்று முக்காலியில் உட்கார்ந்தபடி ஜெபக்கனி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்; சொன்ன வாய் மூடுவதற்குள் எழுந்துபோய்ச் சூட்டைக் காட்டும் சிவப்பு எண்ணைப் பார்த்தாள். இன்னும் நூற்றுக்கு மேலேதான் நின்றது. சூடு இருக்கும்போது உலைக்குள் இருக்கும் கண்ணாடிக் குழாயைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே பாயும், பாய்ந்தால் பட்ட பாடெல்லாம் அம்போ. வெளியே ஐப்பசி மழை பாளையங்கோட்டையைப் பிடித்து ஊறப்போட்டிருந்தது. சனிக்கிழமை மதியத்துக்கு மேல் கல்லூரியில் ஈ காக்கை இல்லை. வேதியியல் கட்டடத்து மாடியில் ஜன்னல்களையெல்லாம் இறுக்கி அடைத்து, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து, நாற்பதைத் தாண்டிய ஒரு ஆசிரியை கொஞ்சம் உப்புக்குக் காவல் இருந்தாள். சமையல் உப்பு இல்லை. நியோடிமியம் என்ற அருமண் உலோகத்தின் குளோரைடு, அதிலும் தண்ணீர் என்ற பேச்சே இல்லாதது. இதற்கு முன் செய்ததெல்லாம் கெட்டுப்போயிருந்தது. இதைத் திங்கட்கிழமை பெங்களூருக்கு அனுப்பியாக வேண்டும், அங்கே ஒரு பெரிய கருவியில் வைத்து அளந்து பார்க்க வருஷக்கணக்கில் கெஞ்சி வாங்கிய வாய்ப்பு, தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆகவே அவள் கண் உலைமேல் இருந்திருக்க வேண்டும். அதுவோ ஜன்னல் விளிம்புக்கும் உலைக்குமாக நடை பழகிக்கொண்டிருந்தது. ஜன்னல் விளிம்பில்தான் கைபேசி இருந்தது. கெட்டிச் சுவர்கொண்ட அந்தக் கட்டடத்தில் அங்கே மட்டும்தான் டவர் எடுக்கும். இன்று சாயங்காலம் சற்குணம் கூப்பிடுவார். ஒரே ஒரு தடவைதான் கூப்பிடுவேன், எடுக்காவிட்டால் புரிந்துகொள்வேன், அப்புறம் தொந்தரவு செய்ய மாட்டேன் என்று சொல்லியிருந்தார். கல்யாணம் கட்டிக்கொள்ளலாமா என்ற கேள்விக்கு அவள் பதில் சொல்ல வேண்டிய சாயங்காலம் இது.

என்ன பதில் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. போன சனிக்கிழமையிலிருந்து யோசிக்கிறாள். யோசனை என்று சொல்வது மரியாதைக்கு. பேருந்தில் இடம்பிடிக்கப் போட்ட கைக்குட்டையை எடுப்பதும் போடுவதுமாக இருக்கிற மாதிரிதான் அது நடந்துகொண்டிருந்தது. வேலையில் மனசை வை என்று அதட்டிக்கொண்டாள். வேலை என்ன, தண்ணீரை விரட்டுவது. சும்மா சூடு காட்டினால் போய்விடுமே டீச்சர் என்று முதல் வருஷத்துப் பிள்ளைகள் கேட்பார்கள். போகும். போகிறபோது வெறுங்கையோடு போகாது, குளோரினையும் இழுத்துக்கொண்டு போகும், தன்னிடமிருந்த ஆக்சிஜனை இங்கே விட்டுவிட்டுப் போகும். மிஞ்சுவது வேறொரு பொருள், தண்ணீரில் போட்டால் கரையாமல் சுண்ணாம்பு கலக்கின மாதிரி நிற்கும். அதைத் தடுக்கத்தான் நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் தேய்ப்பார்களே, அதே நவச்சாரம். கரைசலில் அதை அள்ளிப் போட்டு, வற்றவைத்து, அரைத்து, படகு என்று சொல்கிற சின்னப் பீங்கான் தொட்டியில் பரப்பி, குழாய்க்குள் தள்ளி, பம்பு காற்றை உறிஞ்ச உறிஞ்சச் சூட்டை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால், தண்ணீர் எதையும் திருடாமல் கிளம்பிவிடும். நவச்சாரம் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளும். எல்லாம் ஒழுங்காக முடிந்த பிறகு, இனி நமக்கு இங்கே என்ன வேலை என்று அதுவும் வெள்ளைப் புகையாகக் கிளம்பிப்போய்க் குழாயின் குளிர்ந்த முனையில் ஒட்டிக்கொள்ளும். இதோ இப்போதுகூட ஒட்டிக்கொண்டிருந்தது, வெள்ளை வெளேரென்று. நானும் இப்படித்தானே என்று அவளுக்குச் சட்டென்று தோன்றியது. தம்பி ஆசீரைப் படிக்கவைத்தாயிற்று, ஓசூரில் அவனுக்கு வேலை, கல்யாணம், பிள்ளைகள், படுத்த படுக்கையாகக் கிடந்த அம்மாவைக் கடைசிவரைக்கும் பார்த்தாயிற்று, அம்மாவும் போயாயிற்று. பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள இனி யாரும் பாக்கி இல்லை. சே, உப்பை வைத்துக்கொண்டு ஒப்பாரியா என்று தன்னையே திட்டிக்கொண்டு எழுந்து போனாள். எண் இப்போது நூற்றுக்குக் கீழே இறங்கியிருந்தது, திறக்க அது போதாது.

இத்தனைக்கும் காரணம் ஐயரம்மா. அவர்கள் சபையில் போதகரை ஐயர் என்பார்கள், அவர் மனைவி ஐயரம்மா. ஊரில் யார் வீட்டில் யார் தனியாக இருக்கிறார்கள் என்ற கணக்கு அந்த அம்மாளுக்கு மனப்பாடம். "நல்ல மனுசன், டீச்சர். கூட்ஸ் வண்டியில கார்டு. குடி கிடையாது. பெஞ்சாதி தவறி ரொம்ப நாளாச்சு, பிள்ளையும் இல்ல. ஒரு தடவ பாத்துத்தான் வைங்களேன், பாத்தா என்ன கொறஞ்சா போயிருவிய?" குறைந்து போய்விட மாட்டாள்தான். ஆனால் அந்த வாடகை மாடிவீட்டுக்கு யாரையும் வரச்சொல்ல மனசு வரவில்லை. நாற்காலி ஒன்றுதான் இருந்தது, அதன்மேலும் துணி கிடந்தது. ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொல்லிவிட்டாள். பெண் பார்க்க வந்தவர்களை அமிலவாடைக்கு நடுவே நிறுத்திவைத்த பெண் பாளையங்கோட்டை சரித்திரத்திலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருக்கும். சற்குணத்தின் அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "வீட்டுக்கு வாரோம்னுதான் சொன்னோம், நீங்கதான் இங்க வரச் சொல்லிட்டிய" என்று மூன்றாம் முறையாகச் சொன்னாள். அவர் அதிகம் பேசவில்லை. உயரம், கழுத்துப் பட்டனையும் போட்டிருந்தார், வெயிலில் கறுத்த கை. மேஜைமேல் இருந்த மூடின பாட்டிலை, பழைய கெட்டுப்போன உப்பைக் கரைத்துவைத்திருந்த பாட்டிலை, எடுக்கலாமா என்று கண்ணாலேயே கேட்டு எடுத்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார், திரும்பவும் குழல்விளக்குக்கு அடியில் கொண்டுவந்தார். "இது அங்க வச்சா கத்திரிப்பூ நெறமா இருக்கு, இங்க வச்சா நீலம் பாரிக்கே" என்றார். அவளுக்குத் திக்கென்றது. நியோடிமியம் அப்படித்தான், வெயிலுக்கு ஒரு முகம், குழல்விளக்குக்கு ஒரு முகம். ஆனால் இத்தனை வருஷத்தில் சொல்லிக்கொடுக்காமல் அதைக் கண்டுபிடித்தவர்கள் கிடையாது. சொல்லிக்கொடுத்தும் பாதிப் பேர் ஆமாம் டீச்சர் என்று சும்மா தலையாட்டுவார்கள். "சிக்னலு, கொடின்னு எனக்குக் கலர் பாக்கதுதான பொழப்பு" என்று சிரித்தார். முன்பல் ஒன்று லேசாகச் சாய்ந்திருந்தது. போகும்போது அக்கா படி இறங்கிய பிறகு, கதவோரம் நின்று, "அடுத்த சனிக்கிழம எனக்கு டூட்டி. சாயங்காலம் வண்டி மணியாச்சியில வந்து நிக்கும்போது கூப்பிடுதேன். ஒரு தடவதான். எடுத்தியன்னா பேசுவோம். எடுக்கலன்னா நான் வெளங்கிக்கிடுதேன், ஒண்ணும் நெனச்சுக்கிட மாட்டேன்" என்றார். தப்பித்துக்கொள்ள இவ்வளவு அழகாக வழிவிட்ட மனிதரைப் பார்த்து அவளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

எடுக்காமல் இருந்துவிட்டால் என்ன? சுலபம். கைபேசி கத்தும், ஓயும், மழை பெய்யும், திங்கட்கிழமை உப்பு பெங்களூருக்குப் போகும், அவள் இருந்தபடி இருப்பாள். இருப்பதில் என்ன குறை? சமைக்கத் தோன்றினால் சமையல், இல்லாவிட்டால் ரொட்டி. குழம்பில் உப்புப் போதாது என்று முகம் சுளிக்க ஆள் இல்லை. எடுத்தால் அந்த மனிதரின் ஈரத்துண்டு அவள் கொடியில் தொங்கும். அவர் இருமுவார். நேரங்கெட்ட நேரத்தில் வண்டியிலிருந்து வந்து கதவைத் தட்டுவார், எழுந்து சோறு போட வேண்டும். முதல் பெஞ்சாதியின் படம் சுவரில் இருக்கும், இருக்க வேண்டியதுதான், அதற்கு யார் பூ வைப்பது? இன்னொரு முறை ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளவா, இன்னொரு முறை புகையாகிக் குளிர்ந்த முனைக்குப் போகவா? வேண்டாம் சாமி. அப்படியென்றால் எடுக்காதே. எடுக்காமல் இருந்தால் அந்தக் குளியலறை. போன மாதம் பாசியில் கால் வழுக்கி, வாளியைப் பிடித்துக்கொண்டு தப்பித்தாளே, அன்றைக்கு விழுந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்? கீழ்வீட்டுக்காரர்கள் பேரன் பிறந்த வீட்டுக்குப் போயிருந்தார்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு வரவில்லையே என்று பிள்ளைகள் முதலில் சந்தோஷப்பட்டிருப்பார்கள், மத்தியானத்துக்கு மேல் யாராவது கூப்பிட்டுப் பார்த்திருப்பார்கள். அந்த ஈரத்தரையில் அதுவரைக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு எப்போதும் மாட்டிக்கொள்ளும், முன்னாலும் போகாது பின்னாலும் வராது. ஆனால் செத்துக் கிடப்பதற்குத் துணை வேண்டும் என்றா ஒரு ஆளைக் கட்டிக்கொள்வது? அதுவும் கேவலம்தானே. அதற்கும் கீழே இன்னொரு பயம் இருந்தது, அதை அவள் பக்கத்தில் போய்ப் பார்த்ததில்லை. அவர் வந்து, கூட இருந்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு, இவளிடம் ஒன்றும் இல்லை என்று கண்டுகொண்டால்? அதற்கும் கீழே ஒன்று. அவர் கூப்பிடவே இல்லை என்றால்? அக்கா ஏதாவது சொல்லியிருக்கலாம். அமிலவாடைப் பெண்ணா உனக்கு என்று கேட்டிருக்கலாம். ஜெபக்கனி போய்க் கைபேசியில் டவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். வேண்டாம் என்று சொல்லத்தான் போகிறாள் என்றால் டவர் இருக்கிறதா என்று ஏன் பார்க்க வேண்டும் என்று அவளால் விளக்க முடியவில்லை, விளக்கவும் அவள் முயலவில்லை. எழுந்து குழாயைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தாள். ஆறியிருந்தது.

அதன்பிறகு கொஞ்ச நேரம் அவளுக்குப் பயம் இல்லை, கை மட்டும்தான் இருந்தது. நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்தாள். அவர்கள் கல்லூரியில் காற்றுப் புகாத கண்ணாடிப் பெட்டியெல்லாம் கிடையாது; பெரிய பாலித்தீன் பையில் இரண்டு ரப்பர் கையுறைகளை டேப்பால் ஒட்டி, உள்ளே நைட்ரஜனை விட்டு ஊதவைத்த அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. படகை வாயு ஓட்டத்திலேயே குழாயிலிருந்து பைக்குள் தள்ளினாள், தள்ளுகிற வழியில் ஒரு சிட்டிகையை மட்டும் கிள்ளியெடுத்தாள். நல்ல உலர்ந்த கத்திரிப்பூப் பொடி. காய்ச்சி வடித்த தண்ணீர் இருந்த சோதனைக்குழாயில் போட்டாள். சுர்ரென்று ஒரு சத்தம், குழாய் விரலைச் சுட்டது. இவ்வளவு நேரமும் தண்ணீருக்காகவே ஏங்கிக் கிடந்த மாதிரி இந்த உப்பு அதைக் கண்டால் கொதித்துப்போகும். அசைத்தாள். ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். அடியில் ஒன்றும் இல்லை. கலங்கல் இல்லை. மழைவெளிச்சம் ஊடாக வந்து விரல் நகம்வரைக்கும் தெரிந்தது. "ஆத்தாடி!" என்று கத்திவிட்டாள். "தேறிட்டு! பாத்தியா, தேறிட்டு!" பாத்தியா என்று யாரைக் கேட்டாள்? திரும்பிப் பார்த்தாள். முக்காலி இருந்தது. தராசு இருந்தது, அதன்மேல் உறை. பம்பு தடதடத்துக்கொண்டிருந்தது. சந்தோஷம் வந்து இறங்க இடம் இல்லாமல் நின்றது. ஆசீருக்குச் சொல்லலாம், அப்படியா அக்கா, அதனால பிரமோஷன் எதுவும் உண்டா என்பான், நல்ல பிள்ளை, பாவம். துறைத்தலைவருக்குச் சொன்னால் திங்கட்கிழமை பேசலாம் என்பார். அம்மா இருந்தால் அம்மாவுக்கு இது என்னவென்றே தெரியாது, ஆனாலும் சாப்பிட்டுவிட்டு அந்தக் கழுதையோடு மல்லுக்கட்டு என்று திட்டவாவது செய்வாள். அவளுக்கு அப்படியே உட்கார்ந்து அழ வேண்டும் போலிருந்தது. அழுதால் கை ஈரமாகும் என்று அழவில்லை.

கைகளைப் பையின் கையுறைகளுக்குள் நுழைத்தாள். படகிலிருக்கும் பொடியைச் சின்னக் கண்ணாடிக் குப்பிகளில் நிரப்பி மூடிவிட வேண்டும், மூடிவிட்டால் அது பிழைத்தது. கரண்டியால் மெல்ல அள்ளினாள். முதல் குப்பி பாதி நிறைந்திருக்கும், ஜன்னல் விளிம்பில் கைபேசி அடித்தது. ஒரு கணம் அவள் அசையவில்லை. கை இரண்டும் உள்ளே, படகு திறந்து கிடக்கிறது, குப்பி திறந்து கிடக்கிறது. மூடிவிட்டு எடுக்கலாம். அதுதான் முறை. பிள்ளைகளுக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள், வீடே தீப்பிடித்தாலும் முதலில் மூடியைப் போடு என்று. மூடியைத் தேடினாள், வியர்த்த கையுறைக்குள் விரல் வழுக்கியது, மூடி உருண்டு பையின் மூலைக்கு ஓடியது. கைபேசி அடித்துக்கொண்டிருந்தது. ஒரு தடவைதான். மணியாச்சியில் வண்டி நிற்கும், அவர் கடைசிப் பெட்டியின் வாசலில் காதில் வைத்தபடி நிற்பார், ஓய்ந்ததும் பையில் போட்டுக்கொள்வார், ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார். அதுதான் தாங்கவில்லை. ஒன்றும் நினைத்துக்கொள்ளாமல் பச்சைக் கொடியை அசைத்துவிட்டு அவர் போய்விடுவார். கையை ஒவ்வொரு விரலாக உருவ வேண்டும், அதற்கு நேரம் இல்லை. இழுத்தாள். ரப்பர் விடவில்லை. முழுப்பலத்தோடு இழுத்தாள், டேப் பிய்ந்தது, பை ஒரு பக்கம் கிழிந்து நைட்ரஜன் உஸ்ஸென்று முகத்தில் அடித்தது, ஒரு கை கையுறையோடேயே வெளியே வந்தது. அந்தக் கையோடேயே ஓடினாள். இடுப்பில் மேஜை முனை குத்தியது. எடுத்தாள். "ஹலோ," என்றாள். மூச்சு வாங்கியது. "ஹலோ, நான்தான், இருக்கேன், வச்சிராதிய."

"வணக்கம்!" என்றது ஒரு பெண்குரல், மிகவும் சந்தோஷமாக. "உங்களை அழைப்பவர்கள் இனி உங்களுக்குப் பிடித்த பாடலைக் கேட்கலாம். பாடலைத் தேர்வு செய்ய எண் ஒன்றை அழுத்தவும்." பதிவுசெய்த குரல். அவள் வைக்கவில்லை. முழுவதையும் கேட்டாள். பக்திப்பாடலுக்கு எண் இரண்டு என்றது. நன்றி சொல்லி அதுவாகவே ஓய்ந்தது.

திரும்பி வந்து மேஜை முன்னால் நின்றாள். பை தொய்ந்து படகின்மேல் சாய்ந்திருந்தது. ஒதுக்கிவிட்டுப் பார்த்தாள். பொடியின் விளிம்பு பளபளக்கத் தொடங்கியிருந்தது, அதற்குள்ளேயே. இந்த மழைக்காற்றைக் குடிக்க அதற்கு ஒருத்தர் சொல்லித்தர வேண்டுமா? கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு, கத்திரிப்பூ வெளிறி ரோஸ் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. குப்பியில் இருந்ததும் அப்படித்தான். இனி சூடுகாட்டிப் பிரயோஜனம் இல்லை. திரும்பக் கரைத்து, திரும்ப நவச்சாரம் போட்டு, முதலிலிருந்து. அதற்குள் திங்கட்கிழமை வந்துவிடும், பெங்களூர்க் கருவி வேறு யாருக்கோ போய்விடும். ஒரு பாட்டு விளம்பரத்துக்காக. இதை யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கே சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் நின்றது. கையுறை மாட்டிய கையைப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்ல நினைக்கிறவள் இப்படியா பிய்த்துக்கொண்டு ஓடுவாள்? ஓடியது யார், அவள்தானே. மூளை இன்னும் கொடியில் தொங்கும் ஈரத்துண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தது, குளியலறையைப் பற்றியும் அந்தப் படத்துக்குப் பூ வைப்பதைப் பற்றியும். பேசட்டும் என்று விட்டுவிட்டாள். கையுறையைப் பல்லால் கடித்து உருவினாள். ஐயரம்மா கொடுத்த சற்குணத்தின் எண்ணை அவள் இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கூப்பிட்டதில்லை. ஜன்னல் பக்கம் போய் நின்று அதை அழுத்தினாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டார் என்று நிச்சயமாக நினைத்த நேரத்தில் எடுத்தார்.

"ஹலோ."

"நான் ஜெபக்கனி."

"சொல்லுங்க, சொல்லுங்க. நானே கூப்பிடுதேன்னு சொல்லியிருந்தேனே. வண்டி இன்னும் மணியாச்சி போய்ச் சேரல, நடுவுல ஓரம் கட்டிட்டாவ." பின்னால் மழை தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. "என்ன, எதுவும் ஆயிட்டா?"

பதில் சொல்லத்தான் கூப்பிட்டாள். சரி என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான். வாயைத் திறந்தால் வேறு வந்தது. "என் உப்பு கெட்டுப்போயிட்டு" என்றாள், அம்மாவை அடக்கம் செய்த நாளில்கூட வராத அழுகை அத்தனையும் வந்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் அழாதிய என்று சொல்லவில்லை. வைக்கவும் இல்லை. மழைச்சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"எந்த உப்பு?" என்றார் கடைசியில். "அந்தக் கத்திரிப்பூ நெறத்துல இருந்துச்சே, அதுவா?"

"அதே சாதிதான். இது நல்லா வந்திருந்துச்சு. இத்தன நாளுல இது ஒண்ணுதான் நல்லா வந்துச்சு."

"பொறவு எப்பிடிக் கெட்டுச்சு?"

"போன் அடிச்சுச்சு. நீங்கதான் கூப்பிடுதியன்னு நெனச்சுக் கைய இழுத்துட்டேன்."

ஒரு தகரப்பெட்டியை இழுத்துப்போட்டு அவர் உட்காருகிற சத்தம் கேட்டது.

"எக்ஸ்பிரஸ் போனாத்தான் எங்களுக்கு வழி" என்றார். குரல் சரியாக வரவில்லை. "நேரம் கெடக்கு. அத எப்பிடிச் செய்யதுன்னு சொல்லுங்க, கேப்போம்."

"அது பெரிய வேல. ஒங்களுக்குச் சடப்பா இருக்கும், தூக்கம் வந்துரும்."

"இருக்கட்டும். சொல்லுங்க."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "மொதல்ல ஒரு நீலப்பொடி," என்றாள். "அத அமிலத்துல கரைக்கணும்."

"ம்."

"பதறாம, மெதுவாக் கரைக்கணும்."

"சரி" என்றார் சற்குணம். "பொறவு?"